கதை கேட்கும் செவியும் எழுத்தறிவும்: பவநகர் முதல் கோஸ்பாடு வரை

இந்தியாவில் பள்ளிமுன் கல்வியின் வரலாறு பெரும்பாலும் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்த பவநகரில் 1920 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற பாலமந்திரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அதனைத் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் அமைத்த கிஜுபாய் பதேகா (1885-1939), வழக்கறிஞர் தொழிலை விட்டு ஆசிரியரானவர். மாண்டிசோரி அம்மையாரின் முறையைக் குஜராத்திச் சூழலுக்குக் கொணர்ந்தவர் என்றே அவரை அறிமுகம் செய்வது வழக்கம். அம்முறையிலிருந்து அவர் விலகிய இடமே மொழியியலாரின் கவனத்துக்கு உரியது.

உண்மையையும் கற்பனையையும் பிரித்தறியும் ஆற்றல் வளராத பருவத்தில் மாயக்கதைகள் தருவதை மாண்டிசோரி ஏற்கவில்லை. கிஜுபாயோ நாட்டார் கதைகளைத் திரட்டிப் பாலமந்திருக்குள் கொண்டுவந்தார். கதையைத் தேர்வது, வரிசைப்படுத்துவது, சொல்வது ஆகியவை பற்றி 1925இல் தனி நூலே எழுதினார். தமிழில் ‘பகல் கனவு’ என வெளிவந்துள்ள அவரது புனைவில் வரும் ஆசிரியரும் நான்காம் வகுப்பை வசப்படுத்துவது கதை சொல்லித்தான். இதனைக் குழந்தைகளை மகிழ்விக்கும் உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. குஜராத்தி எழுத்துமுறையை நோக்கினால் இதற்கு வேறொரு நியாயம் புலப்படும்.

குஜராத்தி மெய்யெழுத்து தன்னுள் அகரத்தைக் கொண்டது. தமிழில் உள்ள புள்ளியைப் போன்ற குறி அதிலும் உண்டு; ஆனால் அன்றாட எழுத்தில் சொல்லிறுதியிலும் இடையிலும் ஒலிக்காமல் விடப்படும் அகரத்தை அது காட்டுவதில்லை. ‘செய்தல்’ என்னும் பொருளுடைய ‘கர்வும்’ என்ற சொல் எழுத்தில் க-ர-வும் என மூன்று அலகு. பேச்சில் இரண்டே அசை. எந்த அகரத்தை விட வேண்டும் என்பதை வரிவடிவம் சொல்லாது. செவிதான் சொல்ல வேண்டும். ஆகவே சொல்லின் முழு ஒலியுருவம் குழந்தையின் காதில் முன்பே பதிந்திருந்தால்தான் எழுத்துக்கூட்டல் வாசிப்பாக மாறும். அப்பதிவைத் தரும் வாயில்களுள் கதை முதன்மையானது எனலாம்.

கிஜுபாயால் புகழ்பெற்ற தலா தரவாடி கதை இதற்குத் தக்க சான்று. கத்தரிக்காய் திருடும் ஒருவன் தோட்டத்திடமே அனுமதி கேட்டு, தோட்டத்தின் குரலில் தானே விடையும் சொல்லிக்கொள்கிறான். இரண்டு நான்கு பறிக்கலாமா என்பது வினா. பத்துப் பன்னிரண்டு பறி என்பது விடை. அகப்பட்டபின் தோட்டக்காரன் கிணற்றிடம் அதே முறையில் கேட்டு அவனை நீரில் முக்குகிறான். குஜராத்தியில் நான்கு ‘சார்’, பன்னிரண்டு ‘பார்’. முதல் மெய் மட்டும் மாறி எஞ்சியது ஒத்து வருவதால், இரண்டாம் முறை விடையைக் குழந்தையே முந்திச் சொல்லிவிடும். ஒலிப்பிரிப்பு என்று பாடநூல்கள் அழைக்கும் பயிற்சி இங்குப் பெயரின்றி நிகழ்கிறது.

1923இல் பவநகருக்கு வந்து கிஜுபாயோடு பணியாற்றிய தாராபாய் மோடக் (1892-1973), 1945இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் இணைந்தார். பின்னர் அப்பணி அருகிலுள்ள கோஸ்பாடு குன்றுக்கு மாறியது. பள்ளிக்கு வாராத குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளி சென்றதால் ‘அங்கன்வாடி’ என்ற பெயர் பிறந்தது. ‘அங்கண்’ என்பது முற்றம். (திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் இச்சொல்லின் இனமான அங்கணம், தூய்மையற்ற முற்றம் என உரைகொள்ளப்படுவது நோக்கத்தக்கது.) கோஸ்பாட்டில் எழுந்த சிக்கல் பவநகரில் அவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. அங்குள்ள வார்லிக் குழந்தையின் வீட்டுப் பேச்சு வேறு, நூல் மராத்தி வேறு. செவியில் பதியாத மொழியில் சொல்லப்படும் கதை, மேற்கூறிய பணியைச் செய்யாது.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கதைகளை மொழிபெயர்த்தாக வேண்டும். தலா தரவாடியின் எண்களை ‘இரண்டு நான்கு’, ‘பத்துப் பன்னிரண்டு’ எனத் தமிழில் அப்படியே தருபவர் பொருளைக் காத்து ஒலியை இழக்கிறார். ‘நாலைந்து’, ‘பத்துப் பதினைந்து’ என மாற்றினால் கணக்குப் பிசகும்; இயைபு நிற்கும். இவ்வகைக் கதையில் பின்னதே நேர்மையான மொழிபெயர்ப்பு. அதிலும் ஒரு வினா எஞ்சுகிறது. குழந்தையின் காது அறிந்தவை ‘நாலஞ்சு’, ‘பதினஞ்சு’ என்னும் வடிவங்கள். அச்சில் எதை இடுவது என்பதில் கருத்து வேறுபடலாம். சொல்லும் வாய் பேச்சு வடிவத்தைத்தான் சொல்ல வேண்டும்.