குடலிறக்கச் சிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு

மன்னர்களின் போர்களையும் மணவினைகளையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள், மனித உடல் பட்ட துன்பத்தையும் அதனைத் தீர்க்க மனித அறிவு நடத்திய போராட்டத்தையும் ஓரிரு வரிகளிற் கூறி அமைந்துவிடுகின்றன. ஆயினும், ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிவதற்கு ஒரு நோயின் வரலாறு சில வேளைகளில் ஓர் அரச பரம்பரையின் வரலாற்றினும் மிகுதியாக உதவும். குடலிறக்கம் அத்தகையதொரு நோய். சிறப்பாக, வயிற்றின் முன்சுவரில், தொப்புளை ஒட்டியோ பழைய வெட்டுத் தழும்பின் வழியாகவோ தோன்றும் குடலிறக்கத்தை இங்கு நோக்குவோம்.

வயிற்றின் முன்புறத்தைத் தசைகளும் அவற்றைப் போர்த்த வலிய நார்ப்படலமும் சுவர்போற் காக்கின்றன. பலமுறை கருவுற்றமையாலோ, உடற்பருமனாலோ, ஓயாத இருமலாலோ அச்சுவர் நெகிழ்ந்து துளைபடும்போது, குடல் பிதுங்கித் தோலின்கீழ் வந்து நிற்கின்றது. பெரும்பாலும் படுத்தால் மறையும், எழுந்தால் தோன்றும். ஆண்டுக்கணக்காக அதனோடு வாழ்வோர் உளர். ஆனால், துளையின் விளிம்பு குடலை இறுக்கி இரத்தவோட்டத்தைத் தடுக்குமாயின், சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். அதன்பின் சத்திரசிகிச்சையின்றி உயிர் தப்புதல் அரிது.

இங்கிலாந்தின் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவியான கரோலைன் அரசி இந்நோயாலேயே இறந்தார். அவர் அறிவிலிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். தத்துவஞானி லைப்னிற்சுடன் பழகியவர். 1721ஆம் ஆண்டில் அம்மைப்பால் குத்தும் முறையை நியூகேற் சிறையில் மரணதண்டனை பெற்றிருந்த அறுவர்மீது பரிசோதிப்பதற்கு ஊக்கமளித்தவர். அறுவரும் உயிர்தப்பி விடுதலையாயினர். மறு ஆண்டில் தம் புதல்வியர் இருவருக்கும் அவர் அம்மைப்பால் குத்துவித்தார். இத்தகையவர், 1724இல் தமது கடைசிப் பிள்ளைப்பேற்றின்போது தொப்புளில் தோன்றிய குடலிறக்கத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் மறைத்தே வாழ்ந்தார். 1737 நவம்பர் 9ஆந் திகதி அவர் நோயில் வீழ்ந்தபோது, மருத்துவர்கள் அதனை வயிற்றுவலியென்றே கருதிச் சிகிச்சை செய்தனர். மன்னர் உண்மையை வெளிப்படுத்திய பின்னரே சத்திரவைத்தியர் ரான்பி வயிற்றைப் பரிசோதித்தார். வெட்டினர், பயனில்லை. சில நாட்களில் குடல் வெடித்தது. நவம்பர் 20ஆந் திகதி அரசி உயிர்நீத்தார். சிறைக்கைதிகளின் உடலை அறிவியலுக்கு ஈடாகக் கொடுக்கத் தயங்காத அரண்மனை, தன் உடலை அதே அறிவியலுக்குக் காட்ட நாணியது.

இதே காலப்பகுதியில் வாழ்ந்த சத்திரவைத்தியர் செசெல்டன், தமது உடற்கூற்று நூலில் வேறொரு பெண்ணின் கதையைப் பதிவுசெய்துள்ளார். மீன் வாணிகர் சங்கத்தின் தருமவிடுதியொன்றில் வாழ்ந்த ஏழைக் கிழவி அவர். ஐம்பதாவது வயதில் தொப்புளிலே தோன்றிய குடலிறக்கம், எழுபத்து மூன்றாவது வயதில் அழுகி வெடித்தது. செசெல்டன் சென்று பார்த்தபோது ஏறக்குறைய 26½ அங்குலக் குடல் வெளியே தொங்கிற்று. அழுகியதை வெட்டியகற்றி, நல்ல குடலின் முனையைத் தொப்புளிலேயே விட்டார். அது அங்கே ஒட்டிக்கொண்டது. கிழவி பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மலம் மட்டும் தொப்புள் வழியே வெளியேறிற்று. இது நோயை நீக்கிய வெற்றியன்று. உயிரைக் காத்த வெற்றி. இவ்விரு நோயாளரையும் ஒப்பிட்டுச் செல்வரினும் ஏழையர் நற்பேறு பெற்றோர் எனக் கூறுதல் பேதைமை. எண்ணற்ற ஏழையர் எவரது நூலிலும் இடம்பெறாமலே மாண்டனர். ஆனால், பிறப்பும் பட்டமும் குடலைக் காப்பதில்லை என்பதற்கும், கூச்சம் கொல்லவல்லது என்பதற்கும் இவ்விரு வரலாறுகளும் சான்றாகின்றன.

அக்காலத்துச் சத்திரவைத்தியர், நாவிதரோடு ஒரே சங்கத்தில் இணைந்திருந்த கைவினைஞர். 1745இலேயே இலண்டனில் அவர்கள் தனிச் சங்கமாகப் பிரிந்தனர். அவர்கள் கைத்திறன் எத்துணை உயர்ந்ததாயினும், வலியும் கிருமியும் வழிமறித்தன. 1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து வெற்றிகரமாகக் காட்டப்பட்டது. 1867இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். இவ்விரு தடைகளும் நீங்கத் தொடங்கிய பின்னரே குடலிறக்கத்தை நிலையாகத் தீர்க்கும் எண்ணம் நடைமுறைச் சாத்தியமாயிற்று.

கவட்டுக் குடலிறக்கத்துக்கு வழிகாட்டியவர் இத்தாலியரான பசினி. 1867இல் உரோமை விடுவிக்கச் சென்ற கரிபால்டியின் தொண்டர்களோடு நின்று, கவட்டில் துப்பாக்கிச் சனியனாற் குத்துண்டு பிழைத்தவர் அவர். 1884இல் அவர் தொடங்கிய முறை 1887இல் வெளியாயிற்று. தொப்புட் குடலிறக்கத்துக்கு அமெரிக்கரான வில்லியம் மேயோ 1901இல் ஒரு முறையை விளக்கினார். துளையின் இரு விளிம்புகளையும் நேருக்குநேர் தைக்காது, மார்ச்சட்டையின் ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேற் படிவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைப்பதே அது.

இங்கு வரலாற்றின் முரண்பாடொன்று தலைகாட்டுகின்றது. மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வயிற்றைத் திறப்பதை எளிதாக்கின. திறந்த வயிறுகள் பெருகப் பெருக, தழும்பின் வழியே தோன்றும் குடலிறக்கமும் பெருகிற்று. சிகிச்சையே ஒரு புதிய நோயைப் பெற்றெடுத்தது! நெகிழ்ந்த சுவரை வலிந்து இழுத்துத் தைத்தால், இழுவிசை தாங்காது தையல் மீண்டும் பிரிந்தது. வலிய நார்ப்படலத்தைச் செயற்கையாக ஆக்க முடிந்தால் இப்பிரச்சினை தீருமென்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. வெள்ளிக் கம்பியும், பின்னர் தந்தலம் என்னும் உலோக வலையும் முயலப்பட்டன. வளைந்து வளைந்து அவை முறிந்தன.

விடை வந்தது வைத்தியசாலையிலிருந்தன்று, தொழிற்சாலையிலிருந்து. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பிளாஸ்ரிக் தொழில் 1950களில் மார்லெக்ஸ் என்னும் பொலிஎத்திலீனை உருவாக்கியிருந்தது. சிறுவர் இடுப்பிலே சுழற்றிய விளையாட்டு வளையங்கள் அதனால் ஆக்கப்பட்டன. அதே பொருளின் நூலால் நெய்த வலையை, ஹூஸ்டன் நகரச் சத்திரவைத்தியர் பிரான்சிஸ் அஷர் 1958இல் வயிற்றுச் சுவருக்கு ஏற்றதென அறிவித்தார். பின்னர் அவர் பொலிபுரொப்பிலீனுக்கு மாறினார். வலையின் கண்களினூடே உடலின் சொந்தத் திசு வளர்ந்து, சுவரும் வலையும் ஒன்றாயின. 2000ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வெளியிட்ட ஆய்வில், தையல் மட்டும் இட்டோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 43 பேருக்கு நோய் திரும்பியது; வலையிட்டோரில் 24 பேருக்கு. வலை மந்திரமன்று, தொற்றும் நீடித்த வலியும் அதனாலும் வரலாம். எனினும் வேறுபாடு பெரிது.

ஆனால் வலைக்கு விலையுண்டு. வணிக நிறுவனங்களின் வலை நூறு டொலருக்கு மேலும் விற்றபோது, அதனை வாங்க வல்லவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடியோர் ஏழைநாட்டு வைத்தியர்கள். இந்தியாவில் தோங்காவ்கரும் அவர் தோழர்களும், நுளம்புவலைத் துணியை வெட்டிக் கிருமிநீக்கிக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்திய அனுபவத்தை 2003இல் வெளியிட்டனர். உகண்டாவில் கவட்டுக் குடலிறக்கமுற்ற 302 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஓராண்டின்பின், நுளம்புவலையிட்டோரில் ஒருவருக்கே நோய் திரும்பியது. விலையுயர்ந்த வலையிட்டோரில் எவருக்குமில்லை. நுளம்புவலைத் துண்டின் விலையோ ஒரு டொலரிலும் குறைவு. வயிற்றுச் சுவரின் பெருந்துளைகளுக்கும் இது இவ்வாறே பொருந்துமென உடனே முடிவுகட்டலாகாது. எந்தத் துணியும் உதவுமென்பதும் இதன் பொருளன்று. பொருளின் தன்மைக்கும் அதன் விலைக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளியையே இவ்வாய்வு அம்பலப்படுத்தியது.

கரோலைன் அரசியிடம் செல்வம் இருந்தது. அவர் காலத்தில் மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் இருக்கவில்லை. இன்று அவை இருக்கின்றன. இறுக்கமுறுமுன் குடலிறக்கத்தைச் செப்பனிடல் அன்றாட வேலையாகிவிட்டது. இருந்தும் எத்தனையோ உழைக்கும் பெண்கள், பிள்ளைப்பேற்றின்பின் தோன்றிய பிதுக்கத்தைச் சேலைக்குள் இறுக்கிக் கட்டி, நாட்கூலியை இழக்க அஞ்சியும் பிற ஆடவர் முன் உடலைக் காட்ட நாணியும் காலந்தள்ளுகின்றனர். அரசியைக் கொன்றது இரகசியம். இவர்களை வருத்துவது இரகசியமும் வறுமையும். கூச்சத்தைப் போக்குவது கல்வியின் கடமை. வறுமையால் வரும் தடையை நீக்குவது சமுதாயத்தின் கடமை. இரண்டையும் நிறைவேற்றாதவரை, மேயோவின் தையலும் அஷரின் வலையும் மனிதகுலம் முழுவதற்கும் உரிய உடைமைகளாகிவிட்டனவென நாம் பெருமை கொள்ள இயலாது.