மொய் நோட்டும் எம்-பெசாவும்

உலக நகரங்களின் விலைவாசியைத் தரவரிசைப்படுத்தும் மெர்சர் நிறுவனத்தின் பட்டியல், 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகளும், பிறகு 2017இலும், செலவு மிகுந்த நகரமாக அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவை முதலிடத்தில் வைத்தது. பலருக்கு அது வியப்பு. ஆனால் அந்தப் பட்டியல் எண்ணிப் பார்ப்பது வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிவைக்கும் அதிகாரியின் செலவை: காவலாள் போட்ட குடியிருப்பு, இறக்குமதியான உணவு, பிள்ளைக்குப் பன்னாட்டுப் பள்ளி. லுவாண்டாத் தெருவில் மீன் விற்கும் பெண் அதில் இல்லை. நம்மூர்க் குடும்பம் ஒன்று ஓர் ஆப்பிரிக்கத் தலைநகரில் குடியேறினால் எப்படிப் பிழைக்கும் என்று அறிய, வேறு விதமாகத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கென்யத் தலைநகர் நைரோபியையும் புதுக்கோட்டையையும் அருகருகே வைத்து அதைச் செய்து பார்க்கலாம்.

அளவில் இரண்டும் ஒவ்வாதவை. நைரோபியில் 2019 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 44 லட்சம் பேர். புதுக்கோட்டை நகரில் 2011இல் 1.17 லட்சம் பேர். நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,795 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கிறது. புதுக்கோட்டை செம்மண்ணும் பாறையுமாகக் காய்கிறது. ஆனாலும் 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டையும் ஒரு தலைநகரம்தான், தனக்கென அம்மன் காசு அடித்த சமஸ்தானத்தின் தலைநகரம். இருபது அம்மன் காசுக்கு ஓர் அணா. அதே காலத்தில், 1899இல் ரயில்வே முகாமாகத் தோன்றிய நைரோபியின் கடைத்தெருவிலும் ரூபாய்தான் புழங்கியது. தண்டவாளம் போட இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்களோடும், அவர்களைத் தொடர்ந்த வணிகர்களோடும் நம் நாணயமும் போயிற்று. 1920 வரை அங்கே சம்பளம் ரூபாயில்தான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. புதுக்கோட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கிரையான பின், கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட் பிளாக்பர்னின் யோசனைப்படி நேர்த்தெருக்களுடன் மீண்டும் எழுந்தது. நைரோபியின் இந்தியக் கடைத்தெரு 1902இல் பிளேக் பரவியபோது அதிகாரிகளாலேயே கொளுத்தப்பட்டு மறுபடி கட்டப்பட்டது.

இனி வீட்டுச் செலவுக்கு வருவோம். ஏழைக் குடும்பத்தின் செலவைத் தாங்கக்கூடியதாக்க இரண்டு வழிகள் உண்டு: விலையையே எடுத்துவிடுவது, அல்லது பொருளைச் சிறிதாக்குவது. புதுக்கோட்டை முதல் வழியில் செல்கிறது, நைரோபி இரண்டாவதில்.

புதுக்கோட்டையில் அரிசி அட்டைக்கு மாதந்தோறும் அரிசி இலவசம். அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. பருப்பும் பாமாயிலும் மானிய விலையில். முதல் 100 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குச் சீட்டு இலவசம். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை விலைவாசிப் பட்டியலில் ஏறாது, ஏனென்றால் அவற்றுக்கு விலையே இல்லை.

நைரோபியின் குடிசைப் பகுதிகளான மதாரேயிலும் கிபேராவிலும் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, ஆனால் அந்த விலை அன்றைய கூலிக்குள் அடங்குகிறது. அங்கே சில்லறைக் கடைகளில் சமையல் எண்ணெயைச் சிறு அளவைகளில் ஊற்றித் தருவார்கள். ‘மாமா ம்போகா’ எனப்படும் காய்கறிக்காரம்மா, சுகுமா விகி என்ற கீரைக் கட்டை இடது கையில் இறுகப் பிடித்து, இலையைக் கத்தியால் நூல்நூலாக அரிந்து, வாங்குபவர் தரும் சில்லறைக்கு ஏற்பப் பையில் போடுகிறார். வீட்டில் அரிய வேண்டிய நேரமும் மிச்சம், வாங்கியது மீந்து கெடுவதும் இல்லை. ‘கடோகோ’ என்பார்கள் இந்தச் சிறு அளவு வணிகத்தை. இதைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கிய சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். சிறிதாக்கும் வித்தையை நாமும் கண்டுபிடித்தோம்; ஆனால் அரிசிக்கு அது தேவைப்படாமல் போயிற்று.

சிறு அளவில் வாங்குபவர் கிலோவுக்கு அதிகம் தருகிறார் என்பது பொருளாதாரத்தின் பழைய கசப்பு. நைரோபியின் ஏழை, அந்நகரின் பணக்காரரைவிடக் கூடுதல் விலைக்கு வாழ்கிறார். தண்ணீரில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. நகருக்குப் பெரும்பங்கு நீர் தரும் ந்டாகைனி அணையின் நீர் மேற்குப் பகுதி வீடுகளுக்குக் குழாயில் போகிறது. குடிசைப் பகுதிக்காரர் மஞ்சள் நிற 20 லிட்டர் ஜெரிகேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் விற்கும் கடைக்குப் போகிறார். அவர் தரும் லிட்டர் விலை குழாய்க்காரர் தருவதைப்போல் பல மடங்கு. புதுக்கோட்டையிலும் 20 லிட்டர்தான் அளவு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவிலும் வாசலில் 20 லிட்டர் கேன் இறங்குகிறது. ஏரியும் கண்மாயும் ஊருணியுமாக ஆயிரக்கணக்கான நீர்நிலைகள் கொண்ட மாவட்டம் இது. திவான் சேஷையா சாஸ்திரி நகரின் குளங்களைச் சீராக்கிய கதையை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். இப்படிப்பட்ட மாவட்டம் கேன் தண்ணீர் வாங்குவதை நான் வாழ்க்கைத்தர உயர்வு என்று எண்ணமாட்டேன்.

தண்ணீர் விலையோடு முடிந்துவிடுவதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. அந்தத் தண்ணீருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதைக் குடித்த குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். நைரோபியைக் காலனி அரசு நிறவாரியாகப் பிரித்தது: மேற்கே வெள்ளையர், பார்க்லாண்ட்ஸில் ஆசியர், கிழக்கே ஆப்பிரிக்கர். சட்டம் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் குழாய்கள் இன்னும் ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான் ஓடுகின்றன. அங்கே பிரிவினை நகர வரைபடத்தில் கிடக்கிறது, இங்கே ஊர்த்தெருவில் கிடக்கிறது. வாழ்க்கைத்தரம் என்ற தலைப்பில் எந்த எண்ணை எழுதினாலும் இதைக் கழிக்காமல் எழுத முடியாது.

மின்சாரத்தில் ஒற்றுமையைவிட வேற்றுமை சுவையானது. புதுக்கோட்டையில் இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டுப் பிறகு கட்டுகிறோம். நைரோபியில் முதலில் கட்டி, கைபேசிக்கு வரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்திய பிறகே விளக்கு எரியும். இங்கே அரசு நம்மை நம்பிக் கடன் தருகிறது, அங்கே குடும்பம் நிறுவனத்துக்கு முன்பணம் தருகிறது. யூனிட்டின் வேலையும் வேறு. சித்திரை வெயிலில் அது நமக்கு மின்விசிறிக் காற்று. ஜூலைக் குளிரில் அவர்களுக்கு அது குளிக்க வெந்நீர். நைரோபியின் நடுத்தர வீட்டில் மின்விசிறி மாட்டும் கொக்கியைத் தேட வேண்டியிருக்கும். இயற்கை தந்த இந்தச் சலுகையையும் எந்தப் பட்டியலும் கணக்கிடுவதில்லை.

போக்குவரத்து என்ற தலைப்பில் புதுக்கோட்டைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1991-92 அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றார்கள் இம்மாவட்டப் பெண்கள். இதழாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு நாடே அறிந்தது அந்தக் காட்சி. ‘லேடீஸ் சைக்கிள்’ கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தவர்கள், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பவும் தொடங்கினார்கள். கல் குவாரிக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் கணவருக்காகவோ பேருந்துக்காகவோ காத்திருக்காமல் போய்வரும் உரிமை அது. நைரோபியில் அந்த உரிமையைக் கால்கள் தருகின்றன. நகரின் பயணங்களில் பத்துக்கு நான்கு நடையாகவே நிகழ்கின்றன; கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் விடியுமுன்னே சாரிசாரியாகத் தொழிற்பேட்டைக்கு நடக்கிறார்கள். மட்டாட்டு என்ற தனியார் சிற்றுந்துகள் இடைவிடாமல் வருகின்றன, ஆனால் மழை பெய்தால் கட்டணம் ஏறிவிடும். நம் கட்டணமில்லாப் பேருந்து மழையிலும் இலவசம்தான், ஆனால் பல கிராமங்களுக்கு நாளைக்குச் சில நடைதான் வருகிறது. அங்கே பணம் போகிறது, இங்கே நேரம் போகிறது.

இதுவரை பார்த்ததில் புதுக்கோட்டையின் தட்டு தாழ்ந்ததுபோல் தோன்றும். ஆனால் செலவு குறைந்த ஊரைவிட்டு இளைஞர்கள் வெளியேறுகிறார்கள், செலவு மிகுந்த ஊருக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பது சாதாரணம். நைரோபியின் வாடகை அறைகளில் இருப்பவரோ கிசுமுவுக்கும் காகமேகாவுக்கும் பணம் அனுப்புகிறார். 2007இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை தொடங்கியபோது ஊருக்குப் பணம் அனுப்புங்கள் என்பதே அதன் அழைப்பாக இருந்தது. ஆக, இன்னொரு கோணத்தில் புதுக்கோட்டைக்கு ஈடு நைரோபி அல்ல, நைரோபியிலிருந்து பணம் பெறும் மேற்குக் கென்யக் கிராமங்கள்தான். நம்முடைய மலிவான வாழ்க்கையின் ஒரு பங்கை வெளியூரில் ஒருவர் தம் தனிமையால் கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு பங்கும் உண்டு: அரசின் இலவசங்களுக்குப் பணம் தரும் வருவாயில் டாஸ்மாக் கடையின் வருவாயும் சேர்கிறது. மகளிர் உரிமைத்தொகையாக 1,000 ரூபாய் வரும் வீட்டிலிருந்தே அதற்கு மேல் மதுக்கடைக்குப் போகும்போது, எது யார் செலவு என்று சொல்வது கடினம்.

இரண்டு ஊருக்கும் இடையிலான எதிர்பாராத உறவு இவை எதிலும் இல்லை. ஆடி மாதத்தில் இருக்கிறது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அணவயல் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒருவர் விருந்து வைக்கலாம். செலவைப் பங்கிட நான்கைந்து பேர் சேர்ந்தே பந்தல் போடுகிறார்கள். கிடாக்கறியும் சோறும் பரிமாறும் பந்திக்கு எதிரே மேசைகள். ஒவ்வொருவர் பெயருக்கும் தனி நோட்டு. முன்பு இவர் தமக்கு எவ்வளவு செய்தார் என்று தம் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருவதை எழுதுபவர் ஊரும் பெயரும் தொகையுமாகக் குறிக்கிறார். பணத்தை எண்ண இயந்திரம் வந்துவிட்டது. லட்சங்கள் சேரும், சிலருக்குக் கோடியும் தாண்டியதுண்டு. வட்டியில்லாத அந்த முதலில் ஆழ்துளைக் கிணறு, தென்னங்கன்று, வீடு, மகனின் வெளிநாட்டுப் பயணம்.

நைரோபியில் அதே வேலையை ஹராம்பே செய்கிறது. 1963இல் ஜோமோ கென்யாட்டா தேசிய முழக்கமாக்கிய இந்தக் கூட்டு முயற்சியால் நூற்றுக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. இன்று ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் உறவினர் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார். எம்-பெசா எண் இடப்படுகிறது. ஒவ்வொரு தொகை வந்ததும் பெயர்ப்பட்டியல் நீண்டு மறுபடி பதிவாகிறது. அந்தப் பட்டியலும் மொய் நோட்டும் ஒரே பக்கம்தான்: யார், எவ்வளவு, எல்லோர் கண்ணிலும் படும்படி. வங்கி தராத கடனை இரண்டு சமூகமும் பெயரைப் பிணையாக வைத்துத் தருகின்றன. வேற்றுமை, கணக்கின் ஆயுளில். ஹராம்பேயில் தந்தது நினைவில் இருக்கும், கேட்கப்படாது. மொய்யில் தந்தது தந்தைக்குப் பின் மகனிடமும் திரும்பக் கேட்கப்படும். இரண்டும் கறைபட்டதுமுண்டு. ஹராம்பே அரசியல்வாதிகளின் பணக் காட்சியாகிப்போனதால், 2024 போராட்டங்களுக்குப் பின் பொது ஊழியர்கள் அதில் பங்கேற்கத் தடை அறிவிக்கப்பட்டது. மொய் விருந்து, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பின், திருப்பிச் செய்ய முடியாதவர்களின் சுமையாயிற்று. தோப்பு போனாலும் நோட்டில் இருக்கும் தொகை போகவில்லை.

இரண்டிலும் சேர முடியாதவர் ஒருவர் உண்டு. மொய் எழுத நூறு ரூபாய் ஒதுக்க முடியாத விவசாயக் கூலிக்காரர் பந்தியில் உட்காரவே தயங்குவார். நேற்று நைரோபிக்கு வந்திறங்கி, எந்த வாட்ஸ்அப் குழுவிலும் பெயரில்லாத வாடகைக்காரர் நோயில் விழுந்தால் அவருக்காகப் பட்டியல் நீளாது. கென்யாவில் முதியோருக்கு ‘இனுவா ஜாமீ’ உதவித்தொகை உண்டு; ஆனால் வேலையிழந்த மாதத்திலும் மாவு தரும் கடை மதாரேயில் இல்லை. கொத்தமங்கலத்துக் கூலிக்காரர் ரேகை வைத்துவிட்டு அரிசிப் பையைத் தோளில் ஏற்றுகிறார்; அந்த அரிசியை யாருக்கும் அவர் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை.