நாடாப்புழு மூளைநோய்: மருந்துச் சிகிச்சையின் வரலாறு

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மனித மூளையில் தங்கி நீர்க்கட்டியாக வளர்வதால் வரும் நோய் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் எனப்படும். வலிப்பு இதன் தலையாய அறிகுறி. இந்த நோய்க்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து ஏதும் வழக்கில் இல்லை. இன்று கொடுக்கப்படும் பிரசிகுவாண்டல், அல்பெண்டசோல் ஆகிய இரண்டும் வேறு தேவைகளுக்காகப் பிறந்து, பின்னர் மூளைக்கு வந்து சேர்ந்தவை.

பரவும் வழி

சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கை, குடிநீர், பச்சைக் காய்கறி வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், இளம்புழு இரத்தத்தில் கலந்து தசை, கண், மூளை ஆகியவற்றில் தங்கிவிடும். ஆகவே வாழ்நாளில் இறைச்சியே தொடாதவருக்கும் மூளையில் கட்டி வரக்கூடும்.

இந்தச் சங்கிலியை இரண்டு இடங்களில் அறுக்கலாம். ஒன்று இறைச்சிப் பரிசோதனை. மும்பையில் 1971-இல் கோவண்டியை அடுத்த தேவனாரில் திறக்கப்பட்ட மாநகராட்சி இறைச்சிக்கூடம் போன்ற இடங்களில் கால்நடை மருத்துவர்கள் செய்யும் வேலை இது. கட்டி முற்றிய பன்றியின் நாக்கின் அடிப்புறத்தைத் தடவினாலே அரிசிமணி போன்ற புடைப்புகள் விரலுக்குத் தட்டுப்படும். பன்றி வளர்ப்போர் பல நாடுகளில் நெடுங்காலமாக அறிந்த சோதனை இது. மற்றொன்று கழிப்பறையும் சுத்தமான குடிநீரும். பொதுக் கழிப்பறையை நம்பி வாழும் கோவண்டி, தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்த இரண்டாவது வழியே பெரும்பாலோரைக் காக்கக்கூடியது.

தொடக்கக் காலம்

இந்தியாவில் முதலில் பதிவானதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1888-இல் சென்னையில் வலிப்பு கண்டு இறந்த கூலித் தொழிலாளி ஒருவரின் நோய். 1912-இல் சென்னையிலிருந்தே தோலடிக் கட்டிகள் பற்றிய குறிப்பும் வந்தது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களிடம் வலிப்பு மிகுந்திருந்ததைப் படை மருத்துவர்கள் கவனித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தனர். டிக்சன், லிப்ஸ்கோம் இருவரும் 1961-இல் வெளியிட்ட 450 நோயாளிகளின் ஆய்வு அந்தத் தொடர்கவனிப்பின் நிறைவு. அன்று வலிப்பை அடக்கும் மருந்துதான் இருந்தது. புழுவைக் கொல்லும் மருந்து இல்லை.

இரு மருந்துகளின் வருகை

1970களில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் மன அமைதி தரும் மருந்தைத் தேடித் தயாரித்த சேர்மங்கள், பேயர் நிறுவனத்தின் சோதனையில் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்வது தெரியவந்தது. அப்படிக் கிடைத்த பிரசிகுவாண்டல் கால்நடை மருத்துவத்திலும் நத்தைக்காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் நோயிலும் பயன்பட்டது. 1979-இல் மெக்சிகோவில் ரோப்ளெஸ், சவாரியா ஆகியோர் அதை மூளைக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தனர். அங்கேயே சொடேலோ குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அதை உலகம் முழுவதும் கொண்டுசென்றது.

அல்பெண்டசோல் ஆடு மாடுகளின் குடற்புழுவுக்காக ஸ்மித்கிளைன் நிறுவனம் கொண்டுவந்த மருந்து. 1987-இல் மெக்சிகோவிலிருந்து வந்த ஆய்வு அதுவும் மூளைக் கட்டியைச் சுருக்குவதைக் காட்டியது. கல்லீரலில் இம்மருந்து மாறி உண்டாகும் சல்பாக்சைடு என்ற பொருள் மூளைக்குள் நன்றாக ஊடுருவுகிறது. வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பிரசிகுவாண்டலின் இரத்த அளவைக் குறைக்கிறது. அல்பெண்டசோலின் செயலுறு அளவையோ உயர்த்துகிறது. விலையும் குறைவு. இக்காரணங்களால் அல்பெண்டசோல் முன்னுக்கு வந்தது. கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால் அது உடலில் கூடுதலாகச் சேரும்.

பம்பாயும் வேலூரும்

இந்நோயின் இந்திய வரலாற்றில் குறிப்பிடத்தக்க காலம் 1980களின் பிற்பகுதி. பம்பாயில் நோஷிர் வாடியா, தேசாய், பட் ஆகியோர் 1988-இல் ‘பிரெயின்’ இதழில், உடல் முழுவதும் கட்டி பரவிய அரிய வகை நோயை விரிவாக எழுதினர். அடங்காத வலிப்பு, மங்கும் அறிவு, நாக்கிலும் தோலடியிலும் கட்டிகள் ஆகியவற்றோடு தசைகள் பருத்துக் காணப்படுவதும் அந்த விவரிப்பில் உண்டு; உடற்பயிற்சியால் வந்த உருட்சிபோல் கண்ணுக்குத் தோன்றுவது உண்மையில் தசைக்குள் நெருங்கிக் கிடக்கும் கட்டிகளே. பிரசிகுவாண்டல் கொடுத்த அனுபவத்தையும் அவர்கள் பதிந்தனர். ஏராளமான புழுக்கள் ஒரே வேளையில் மடியும்போது வெளிவரும் பொருட்களால் உடல் கடுமையாக எதிர்வினையாற்றக்கூடும் என்பது அந்தக் கட்டுரையை முன்னிட்டுப் பின்னர் பலரும் தந்த எச்சரிக்கை.

அதே காலத்தில் இந்திய மருத்துவர்களைக் குழப்பியது வேறொன்று. வலிப்போடு வருவோரின் சி.டி. ஸ்கேனில் ஒற்றைச் சிறு வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். சில மாதங்களில் வளையம் மறைந்துவிடும். மருந்தால் மறைந்ததா, தானாக மறைந்ததா என்பது விளங்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் இத்தகைய கட்டிகளைத் திசுப் பரிசோதனைக்கு உட்படுத்தி, நாடாப்புழுவின் இளம்புழுவே காரணம் என்று 1989-இல் ‘லான்செட்’ இதழில் அறிவித்தனர். கட்டி 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை முதலான அவர்களுடைய அளவுகோல்கள், மண்டையைத் திறக்காமலே நோயை இனங்காண உதவின. தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் பலரை மீட்ட பணி இது. வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2006-இல் வெளியான கணக்கெடுப்பில், வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்நோயே காரணமாகக் காணப்பட்டது.

கருத்து வேறுபாடு

தானாகவே மறையும் கட்டிக்கு மருந்து எதற்கு என்ற கேள்வி எழுந்தது. டெல்லி எய்ம்ஸ் குழுவினர் 1994-இல் ஒற்றைக் கட்டிக்கு அல்பெண்டசோலால் பயன் காணவில்லை. ஈக்வடாரின் கார்ப்பியோ 1995-இல் இரு மருந்துகளையும் ஐயத்தோடு பார்த்தார். சண்டிகரில் குழந்தைகளிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வோ, கட்டி விரைவில் மறைவதாகவும் பின்வரும் வலிப்பு குறைவதாகவும் காட்டியது. பெருவில் கார்சியா குழுவினர் 120 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ள கட்டிகளுக்கு அல்பெண்டசோல் கொடுத்தபோது உடல் முழுவதும் பரவும் வலிப்பு குறைந்தது. உயிருள்ள கட்டிக்கு மருந்து உதவும் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். நலிந்துகொண்டிருக்கும் ஒற்றைக் கட்டியில் கிடைக்கும் பயனின் அளவு பற்றி முழு உடன்பாடு இல்லை.

அண்மைக் காலம்

ஒன்றிரண்டு கட்டிகளுக்கு அல்பெண்டசோல் மட்டும், அதற்கு மேற்பட்டால் பிரசிகுவாண்டலும் சேர்த்து என்பது இப்போதைய வழிகாட்டுதல். பன்றிகளுக்கான தடுப்பூசி ஐதராபாத்தில் தயாராகிறது. வேறு நோய்க்கு வந்த மருந்து மூளைக்கும் பயன்படும் போக்கு பிற மூளை ஒட்டுண்ணிகளிலும் தென்படுகிறது: மார்பகப் புற்றுக்கு வந்து, 2002-இல் இந்தியாவில் காலா அசார் என்ற கருங்காய்ச்சலுக்கு ஏற்கப்பட்ட மில்டெபோசின், கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய்க்கும் கொடுக்கப்படுகிறது.

எச்சரிக்கை

பள்ளிகளில் குடற்புழுவுக்காகத் தரப்படும் 400 மில்லிகிராம் மாத்திரையும் அல்பெண்டசோல்தான். ஆயினும் மூளையில் கட்டிகள் நிறைந்து வீக்கம் கண்டிருக்கும்போதோ கண்ணுக்குள் கட்டி இருக்கும்போதோ, இம்மருந்து உயிருக்கோ பார்வைக்கோ ஊறு செய்யலாம். சுண்ணாம்பாக இறுகிவிட்ட கட்டிக்கு இதனால் பயனில்லை. ஆகையால் வலிப்பு கண்டவர் மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தாமே விழுங்கக் கூடாது. ஸ்கேனும் கண் பரிசோதனையும் முடிந்த பிறகு, மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்தே இதை உட்கொள்ள வேண்டும்.