ஆணியில்லாப் பெட்டி: கூடலூர் மரமும் புறாவால் பூட்டும்

ஈட்டி மரத்தில் செய்த பழைய பெட்டி ஒன்றின் இழுப்பறையை முழுதாக வெளியே உருவி, அதன் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பார்த்தால், விசிறி போல் விரிந்த நாலைந்து மரவால்கள் முன்பலகைக்குள் புகுந்து நிற்பது தெரியும். ஆணி இருக்காது, திருகாணியும் இருக்காது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதைப் புறாவால் இணைப்பு என்று சொல்லித் தருகிறார்கள். பட்டறைகளில் ‘டவ்டெயில்’ என்றால்தான் சட்டென்று புரியும். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் இதே இணைப்பு புறாவின் வாலாகத் தெரியவில்லை. பிளந்த வால் கொண்ட தகைவிலான் குருவியை வைத்து அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியச் சிற்ப நூலான மயமதம் மர இணைப்புக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, மீன்பல், பன்றிமூக்கு என்று பொருள்படும் வடமொழிப் பெயர்களை உத்திர இணைப்புகளுக்குத் தருகிறது. அவை வீட்டுக் கூரைக்கும் தூணுக்கும் உரியவை, பெட்டிக்கு அல்ல. ஆனாலும் மரத்தை மரத்தால் பூட்டும் வேலை இந்நாட்டுத் தச்சருக்கு வெள்ளைக்காரர் கற்றுத்தந்த புதுமை அல்ல என்பதற்கு அந்தப் பெயர்களே போதும்.

இழுப்பறை வைத்த சிறு பெட்டி உலகில் மிகப் பழையது. 1922-இல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஆட்டப் பலகை ஒன்று, காய்களைப் போட்டு வைக்கும் இழுப்பறையோடு செய்யப்பட்டது. வயது மூவாயிரம் ஆண்டுக்கு மேல். தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த அஞ்சறைப்பெட்டி, கடைக்காரரின் கல்லாப்பெட்டி, கணக்கப்பிள்ளையின் சாய்வு மேசைப்பெட்டி ஆகியவற்றில் மூடியும் உள்ளறைகளும்தான் முதன்மை. வெளியே உருவும் இழுப்பறை பரவலானது ஐரோப்பியரின் எழுதுபெட்டிகளையும் நிலைப்பெட்டிகளையும் தச்சர்கள் செய்யத் தொடங்கிய பிறகே. விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் தந்தம் பதித்து அப்படிச் செய்த பெட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயில் ‘பிளாக்வுட்’ என்ற பெயரில் செதுக்கி விற்ற மேசை நாற்காலிகளுக்கான ஈட்டி, மலபார்க் கரை வழியாகப் போனது.

அந்த ஈட்டி வளர்ந்த காடுகளில் ஒரு பகுதி தேவர்சோலையைச் சுற்றி இருந்தது. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில், கேரள எல்லையை நெருங்கும் இடத்தில் உள்ள தேயிலை ஊர் இது. நீலகிரி என்றதும் நினைவுக்கு வரும் ஊட்டிக் குளிர் இங்கே கிடையாது. ஊட்டியைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வான, தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் வயநாட்டு நிலம். தேக்கும் ஈட்டியும் வேங்கையும் வெண்தேக்கும் வளர்வது இந்த உயரத்தில்தான். மேலே பீடபூமியின் சோலை மரங்கள் குட்டையும் கோணலுமானவை. 1822-இல் கோவை கலெக்டர் ஜான் சலிவன் ஊட்டியில் கல்வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து அங்கே எழுந்த பங்களாக்களுக்கு நல்ல பலகை வேண்டுமென்றால், கீழேயிருந்துதான் மலையேற வேண்டியிருந்தது.

நிர்வாகமும் நெடுங்காலம் கீழ்நோக்கியே இருந்தது. இந்தத் தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டில்தான் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. நிலத்தின் ஜன்மி உரிமையில், அதாவது பரம்பரை நிலவுடைமையில், பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் கையில் இருந்தது. முதுமலைக் காட்டை அரசு முதலில் கோவிலகத்திடம் குத்தகைக்குத்தான் எடுத்தது. மலையடிவாரத்து நிலம்பூரில் 1840-களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கியதற்குக் காரணம், கப்பல் கட்ட வெட்டியதில் மலபாரின் இயற்கைத் தேக்கு அருகிப்போனதுதான். ஈட்டிக்கு அப்படி ஒரு நடவு நடக்கவில்லை. மெதுவாக வளரும் அந்த மரம், காடு தந்தவரை வெட்டப்பட்டது.

மரவேலையில் இந்தப் பகுதிக்கு மூன்று மரபுகள் வந்து சேர்ந்தன. முதலாவது கோத்தர்கள். நீலகிரியின் ஏழு கோத்தர் ஊர்களில் ஒன்று கூடலூரை அடுத்து உள்ளது. கொல்லுவேலை, தச்சு, மட்பாண்டம், தோல்வேலை, இசை என எல்லாவற்றையும் தாங்களே செய்து, படகருக்கும் தோடருக்கும் வேண்டிய கருவிகளைத் தந்தவர்கள் அவர்கள். இதனால் உளி அடித்து வாங்கத் தச்சன் வேறு ஊர் போக வேண்டியிருக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டாவது மலபார் ஆசாரிகள். தலைச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயர் தாங்கிய நெட்டூர்ப் பெட்டி அவர்கள் உலகத்தைச் சேர்ந்தது: ஈட்டியில் செய்து, கூரைபோல் சரிந்த மூடி வைத்து, பித்தளைப் பட்டைகளால் மூலைகளை இறுக்கிய நகைப்பெட்டி. மூன்றாவது, தோட்டத் துரைமார் வீட்டுக்கு மேசையும் அலமாரியும் செய்யப் பழகியவர்கள். இழுப்பறையில் புறாவாலை மறைத்து வெட்டும் வழக்கம் இந்த மூன்றாவது வேலையில்தான் பெரிதாகப் புழங்கியது.

அதை ஏன் மறைக்க வேண்டும் என்பதிலேயே இந்தப் பூட்டின் இலக்கணம் இருக்கிறது. இழுப்பறையைத் திறப்பவர் எப்போதும் முன்பலகையைத்தான் இழுக்கிறார்; உள்ளே இருக்கும் சுமை பின்னால் நிற்கிறது. வெறும் ஆணி அடித்திருந்தால் ஒவ்வொரு இழுப்பும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். வாலைப் பக்கப்பலகையின் நுனியில் வெட்டினால், அதன் அகன்ற நுனி முன்பலகையின் குறுகிய வாய் வழியே திரும்பி வர முடியாது. இழுக்க இழுக்கப் பூட்டு இறுகுமே தவிரக் கழலாது. பக்கவாட்டில் தட்டினால் மட்டுமே பிரியும். அந்தத் திசையில் யாரும் இழுப்பறையை இழுப்பதில்லை. முன்பலகையின் முகத்தில் வெட்டுமுனை தெரிந்தால் அழகு கெடும் என்பதால், அதன் கனத்தில் ஒரு பங்கை விட்டுவைத்து, மீதியில் மட்டும் குழி எடுப்பார்கள். பின்மூலையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வால் பலகையை ஊடுருவி வெளியே தெரிய வெட்டினால் போதும்.

வாலின் சாய்வு மரத்தைப் பொறுத்தது. மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, ஈட்டி போன்ற வன்மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்பது உலகெங்கும் தச்சர் வைத்திருக்கும் கணக்கு. சாய்வு கூடினால் வாலின் ஓரம் நார்ப்போக்கில் பெயர்ந்து விழும். குறைந்தால் பூட்டு வெறும் சொருகலாகிவிடும். வாலை முதலில் அறுத்து, அதையே அடுத்த பலகையின் முனைமேல் வைத்து, கூர்முனையால் கீறித்தான், வால்களுக்கு இடையே பொருந்தும் பல்லுக்கு அளவு எடுப்பார்கள். அளவுகோலால் இரண்டு முறை அளந்தால் இரண்டு பிழை வரும். கீறலின் மேல் அறுக்காமல், கழிவுப் பக்கம் ஒதுங்கி அறுத்து, கோடு மரத்தில் தங்கும்படி விடுவார்கள். நடுவில் நிற்கும் கழிவை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஒரு முகத்திலிருந்து பாதி, மறுமுகத்திலிருந்து பாதி என்று வெட்டி எடுப்பார்கள். ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்கம் சிதறும். சேர்த்துப் பார்த்துப் பிரித்து, மீண்டும் சேர்த்துப் பார்ப்பது புதியவர் வழக்கம். ஒவ்வொரு முறையும் மரம் நசுங்கிப் பூட்டு தளரும் என்பதால், கைதேர்ந்தவர் முழுமையாக ஒரே முறைதான் தட்டிச் சேர்ப்பார்.

கூடலூர்ப் பக்கத்துக் காற்றில் இதற்கெல்லாம் கூடுதல் காரணம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் குடித்து மரம் உப்பும். பிப்ரவரி வெயிலில் வற்றிச் சுருங்கும். ஆனால் பலகை அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்குகிறது, நீளவாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். புறாவாலில் இரு பலகைகளின் அகலமும் ஒரே திசையில் நிற்பதால் இரண்டும் சேர்ந்தே உப்பி, சேர்ந்தே சுருங்குகின்றன. மூலை விரிசல் விடுவதில்லை. அடிப்பலகைக்கு மட்டும் தனி ஏற்பாடு. பக்கங்களிலும் முன்பலகையிலும் எடுத்த காடியில் அதைச் செருகி, பசை தடவாமல் விடுவார்கள். நார் குறுக்கே ஓடும்படி வைப்பதால் அது வளர்ந்தாலும் பின்பக்கமாகத்தான் வளரும். அடிப்பலகையை நான்கு பக்கமும் ஒட்டிவைத்த இழுப்பறை முதல் கோடையிலேயே பிளந்துவிடும். மழைக்காலத்தில் இழைத்து இறுக்கமாகப் பொருத்திய இழுப்பறை மாசியில் தொளதொளக்கும். கோடையில் இறுக்கமாகப் பொருத்தியது ஆடியில் திறக்காது. இந்தக் கணக்கைப் புத்தகத்தைவிட ஊர்தான் நன்றாகக் கற்றுத்தரும். ஈட்டியில் எண்ணெய்ப்பசை அதிகம், எனவே தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசை அதில் முழுப்பிடி பிடிப்பதில்லை. பசையை நம்ப முடியாத மரத்தில் பூட்டின் வடிவம்தான் சுமையைத் தாங்க வேண்டும். மழையில் இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தைக் கறையாக்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

தேயிலையோடு இன்னொரு பெட்டியும் வந்தது. அது புறாவாலுக்கு நேர் எதிர். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை விலை உயர்ந்த பண்டம் என்பதால், வீட்டுக்காரி அதைப் பூட்டும் சாவியும் உள்ள சிறு மரப்பெட்டியில் வைத்திருந்தாள். நேர்த்தியான பெட்டித்தச்சுக்கு அது பேர்போன பொருள். ஆனால் தேயிலை விளைந்த இடத்திலிருந்து அது கிளம்பியது முரட்டுப் பெட்டியில். கூடலூர் வட்டாரத்தில் காப்பிச் செடிகளை 1870-களில் இலைத்துரு நோய் அழித்த பிறகு, காலப்போக்கில் தேயிலை அந்த நிலத்தைப் பிடித்தது. தேயிலை ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சும் என்பதால் பெட்டியின் உள்ளே ஈயத்தகடும் பின்னாளில் அலுமினியத் தாளும் போர்த்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டுப்பலகைப் பெட்டி வந்தது: இன்றைய எஸ்தோனியாவின் தாலினில் இருந்த லூதர் ஆலை, தகடுகளாகச் சீவி ஒட்டிய பலகையை ‘வெனஸ்டா’ என்ற பெயரில் உலகத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பியது. ஆறு பலகை, பன்னிரண்டு சட்டம், தகரப் பட்டை, ஒரு கைப்பிடி ஆணி. எவரும் அடித்து முடிக்கலாம். 1945-இல் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்கியபோது, மலபாரிலேயே ஒட்டுப்பலகை கிடைக்கலாயிற்று. இந்தியத் தரநிலைகளில் 1-ஆம் எண் தேசியக் கொடிக்கு உரியது; 10-ஆம் எண்ணே தேயிலைப் பெட்டிக்கான ஒட்டுப்பலகைக்குப் போயிற்று என்பதிலிருந்து அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய வணிகம் என்று தெரிகிறது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கனத்த காகிதப் பைகள் வந்து அதையும் ஒதுக்கின.

ஆக, மூலைப் பூட்டை வெட்டும் கைவேலை குறைந்ததற்கு ஒட்டுப்பலகை ஒரு காரணம். ஆனால் தேவர்சோலைப் பக்கத்தில் அதைவிட வலுவான காரணம் மரம் யாருடையது என்ற வழக்கு. ஜன்மி உரிமையை ஒழித்து ரயத்துவாரியாக்க 1969-இல் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் வந்தது. அது தொட்ட நிலம் சுமார் 80,000 ஏக்கர். 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகள் தொடர்பான பகுதியைச் செல்லாது என்றது. 1974-இல் 34-ஆவது திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை, நீதிமன்ற ஆய்விலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அதை எதிர்த்த வழக்குதான் 2007 ஜனவரி 11-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த கோயல்ஹோ வழக்கு. சட்டக் கல்லூரிகளில் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்காகப் படிக்கும் தீர்ப்பு, வேரில் கூடலூர்க் காட்டு வழக்கு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

உரிமை தீராமல் கிடந்த அந்தப் பதிற்றாண்டுகளில் மரம் வெட்டுவது நிற்கவில்லை. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். ஒரு காலத்தில் அந்தக் காடுகளையே ஆண்ட குடும்பத்திலிருந்து வந்த மனு அது. 1996 டிசம்பர் 12-இல் வந்த இடைக்கால ஆணை கூடலூரைத் தாண்டி நாடு முழுவதற்கும் நீண்டது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே போதும் என்றது. தமிழ்நாட்டின் காட்டுப் பகுதிகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. அதற்கு முன்பே, தனியார் நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றித் தொடக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் சொல்லியிருந்தது. 2017 தொடக்கத்திலிருந்து ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் அதில் ஒரு சலுகை கிடைத்தது: இந்திய ஈட்டியில் செய்த பொருள் ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பட்டியலுக்கான தனி அனுமதி வேண்டியதில்லை. மேசைக்கு இந்தச் சலுகை உதவாது. இழுப்பறை வைத்த சிறு பெட்டிக்கு உதவும்.

இன்று இப்பகுதியில் பெட்டி செய்ய நினைக்கும் தச்சருக்கு மூன்று வழி. வனத்துறைக் கிடங்கின் ஏலத்தில் தேக்கு எடுக்கலாம். தேயிலைக்கு நிழலாக நட்ட ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக்கை வாங்கலாம். அதை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை, அது ஈட்டியின் கூர்மையான வாலைத் தாங்கும் மரமும் அல்ல. மூன்றாவது, பழைய பங்களாச் சாமான்களைப் பிரித்த மரம். வெந்நீரில் நனைத்த துணியைப் பூட்டின்மேல் வைத்துச் சூடு காட்டினால் வச்சிரப் பசை இளகிவிடும். பக்கவாட்டில் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் நூறு வருட இழுப்பறையும் வெட்டுக் காயமின்றி நான்கு பலகைகளாகப் பிரிந்து வரும். வால்களுக்கு இடையிலான பற்கள் சீரற்ற அகலத்தில் இருந்தால், வால்களின் அடியில் அளவுக்காகக் கீறிய கோடு அழியாமல் நின்றிருந்தால், அது எந்திரத்தில் அறுத்ததல்ல, கையால் வெட்டியது.