மண்ணில் பதிந்த தடமும் புலியின் அளவும்

இலங்கைக் காடுகளில் இன்று வேங்கைப்புலி இல்லை. குருவிட்டப் பகுதியில் கிடைத்த ஒரு கடைவாய்ப் பல்லும், படதொம்ப குகைக்கருகே கிடைத்த ஒரு விரலெலும்பும் அது முன்னொரு காலத்தில் இங்கு நடமாடியதற்குச் சான்றாக நிற்க, அம்பாறைக் கரையின் தென்கோடியிலுள்ள குமணக் காட்டில் இப்போது தடம் பதிப்பது சிறுத்தையே. ஆகவே தடத்தைக் கொண்டு வேங்கையை அளந்த வரலாற்றை இந்தியக் காடுகளிலேயே தேட வேண்டியுள்ளது.

வேட்டைக்காரரும் காட்டுவாசிகளும் நெடுங்காலம் கைக்கொண்டிருந்த, தடத்தால் புலியை அறியும் இவ்வறிவை, 1966 ஆம் ஆண்டளவில் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி கணக்கெடுப்பு முறையாக வகுத்தார். நடக்கும் புலியின் பின்கால் பெரும்பாலும் முன்கால் தடத்தின் மீதே விழுவதால் பின்கால் தடமே தெளிவாக எஞ்சும். எனவே இடது பின்காலின் தடத்தைத் தேர்ந்து, சிறு கால்களில் நிற்கும் கண்ணாடிப் பலகையை அதன்மேல் வைத்து, விளிம்பைக் கோடாக வரைந்து தாளில் படியெடுத்தனர். அகலமும் நீளமும் ஏறத்தாழ ஒத்துச் சதுரமாக அமைந்தால் ஆண் என்றும், விரல்கள் ஒடுங்கி நீண்டிருந்தால் பெண் என்றும் கொண்டனர்; ஒரே கால் அடுத்தடுத்துப் பதியும் இடைத்தூரமான எட்டைக் கொண்டு உடலின் நீளத்தை மதித்தனர்.

கூர்ந்த கண்ணுடையோர் கையில் இது மதிக்கத்தக்க கலையே. ஆயினும் தடம் பாதத்தின் அளவை மட்டும் காட்டுவதில்லை. மண்ணின் ஈரம், ஆழம், சரிவு, விலங்கின் வேகம் யாவும் அதில் கலந்துவிடுகின்றன. வயல் வரம்பின் சேற்றில் பதியும் காலடியும் கடற்கரை உலர்மணலில் பதியும் அதே காலடியும் ஒத்திராமை அம்பாறை மாவட்டத்து நற்பிட்டிமுனையில் எவரும் அறிந்ததே. மென்புழுதி மெல்லிய படலமாகப் படிந்த பாதையில் மட்டுமே அளவு நம்பத்தக்கதாகும். சேற்றில் விரல்கள் விரிந்து, இளம்புலியும் பெரும்புலியாகத் தோன்றும்.

1972 இல் இம்முறையில் நடந்த முதல் நாடளாவிய கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்றது. கூட்டில் வளர்ந்த நான்கு புலிகளின் தடப் படிகளை அனுபவமிக்க வன அலுவலரிடம் கொடுத்துச் சோதித்த வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த், அவர்களுள் எவரும் சரியான எண்ணைக் கூறவில்லை என்பதை 1987 இலேயே எடுத்துக்காட்டினார். அவ்வெச்சரிக்கைக்கு உரிய காலத்தில் செவிசாய்க்கப்படாதது பெருந்துயரம். 2004 ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் புலிகளோடு விளங்கிய இராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம், கள்ளவேட்டையால் ஒரு புலியும் இன்றிப் போயிருந்தமை 2005 இல் வெளிப்பட்டது. அதன்பின் உடல் வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் பிரித்தறியும் தானியங்கிக் கமராக்கள் கணக்கெடுப்பின் அடிப்படையாயின. 2008 இல் வெளியான புதிய மதிப்பீடு 1,411 என்றது. எனினும் அக்கமராவை எந்தப் பாதையோரம் பொருத்துவது என்பதை இன்றும் வனக்காவலர் தடம் பார்த்தே தீர்மானிக்கின்றனர்.