துண்டுக்கடியில் பேசிய விலை: கல்கத்தா பந்தாட்டக்காரர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தையைப் பற்றி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஆடு, மாடு, கோழியிலிருந்து காய்கறி, துணிமணி வரைக்கும் கிடைக்கிற பெரிய வாரச்சந்தை அது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் பழைய தரகர்கள் விலை பேசுகிற விதத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வாயே திறக்க மாட்டார்கள். இரண்டு பேருடைய கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டைப் பிடித்தால் வேறொரு தொகை. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஏன் இந்த மறைப்பு? வியாபாரம் முறிந்து போனால், மாட்டுக்காரர் எவ்வளவு வரை இறங்கி வந்தார் என்பது அடுத்து வருகிறவருக்குத் தெரியக்கூடாது. முடிந்துவிட்டாலோ, பக்கத்தில் நிற்கிறவர் நூறு ரூபாய் கூடுதலாகச் சொல்லி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது. அதாவது பேச்சு முடிந்து பணம் கைமாறும் வரை இருக்கிற இடைவெளிதான் ஆபத்தானது. துண்டு அதை மூடி வைக்கிறது.

இதே துண்டு வியாபாரம் கல்கத்தா கால்பந்தில் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே விலை பேசப்பட்டது ஆட்டக்காரர்களுக்கு!

முதலில் பின்னணி. கல்கத்தாவில் மூன்று பெரிய கிளப்புகள். மோகன் பகான் (1889), முகமதன் ஸ்போர்ட்டிங் (1891), ஈஸ்ட் பெங்கால் (1920). ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையே ஒரு ஆட்டக்காரரை வைத்துத்தான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான போட்டியில் ஜோராபகான் கிளப், சைலேஷ் போஸ் என்பவரைச் சேர்க்காமல் விட்டது. அந்தக் கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியே வந்து, சில நாட்களிலேயே நண்பர்களோடு சேர்ந்து புதுக் கிளப் தொடங்கினார். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அது வெறும் கிளப்பாக இல்லை. விட்டுவிட்டு வந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எல்லாமே வேடிக்கை இல்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போகிறேன் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிம்மதியாகத் தெருவில் நடக்க முடியுமா?

ரசிகர்களின் கோபம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பணம். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் கணக்குப்படி 'அமெச்சூர்'கள். பந்தாட்டத்துக்காகச் சம்பளம் வாங்கக்கூடாது. சோற்றுக்கு வழி ரயில்வே, வங்கி, சுங்கத்துறை வேலைதான். ஆனால் நல்ல ஆட்டக்காரரை வெறும் கையோடு யாரும் கூப்பிடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். 1940களின் கடைசியில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை ஐந்து பேரையும் 'பஞ்ச பாண்டவர்' என்றார்கள். அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ், சாலே. ஐவரும் தென்னிந்தியர்கள். அதில் அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் மூவரும் பெங்களூர்! (ஓசூர்க்காரர்கள் பக்கத்து ஊர்ப் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம்.) 1949, 1950, 1951 என்று வரிசையாக மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிக் கொடுத்த கூட்டணி இது. பெங்களூரிலிருந்து அவ்வளவு தூரம் ரயிலேறிப் போக வெறும் விளையாட்டு ஆர்வம் மட்டும் போதாது.

ஆக, பணம் உண்டு, ஆனால் பணம் இருப்பதாகச் சொல்லக்கூடாது. எழுத்தில் இல்லாத தொகைக்கு ஒப்பந்தம் எப்படி எழுதுவது? எழுத முடியாது. வாய்ப்பேச்சுதான். வாய்ப்பேச்சை நம்பித்தான் ஒருவர் அடுத்த வருடத்து வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் ரகசியம் பிறக்கிறது.

எல்லோரும் இந்தச் சந்தையில் இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.கே. பானர்ஜி ஆட்டக்காரராக இந்த மூன்று கிளப்புகள் பக்கமே போகாமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தார். 1958ல் அந்த அணி கல்கத்தா லீகையே வென்றது. சுனி கோஸ்வாமி 1968 வரை மோகன் பகானை விட்டு நகரவில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை.

மற்றவர்களுக்கு வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் 'தல்பதல்' காலம். வங்காளத்தில் அணி மாறுதல் என்று அர்த்தம். ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு 'டோக்கன்' உண்டு. டோக்கன் எந்தக் கிளப்பின் கைக்குப் போகிறதோ, ஆள் அந்தக் கிளப்புக்கு. ஆகவே கிளப் நிர்வாகிகளின் வேலை இரண்டு: ஆளைச் சம்மதிக்க வைப்பது, கையெழுத்து நாள் வரை அவர் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதுதான் கஷ்டம். ஹோட்டல் அறையில், நிர்வாகியின் சொந்தக்காரர் வீட்டில், சில சமயம் ஊருக்கு வெளியே எங்காவது ஆட்டக்காரர்களை ஒளித்து வைத்தார்கள். எதிர்க் கிளப் ஆட்கள் தேடிக்கொண்டு அலைவார்கள். வீட்டில் அப்பா அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கையெழுத்து அன்று அலுவலக வாசலில் கூட்டம், கோஷம், போலீஸ்.

இதில் பேர் போனவர்கள் ஈஸ்ட் பெங்காலின் ஜீபன் சக்கரவர்த்தி, பல்டு தாஸ் இருவரும். 'ஜீபன்-பல்டு' என்று சேர்த்தே சொல்வார்கள். 1985ல் மோகன் பகானிலிருந்து கிருஷானு தே, பிகாஷ் பாஞ்சி இருவரும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது கல்கத்தாவில் இன்றும் பேசப்படுகிற கதை. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் வரமாட்டார் என்கிற ஜோடி. ஒருவர் மனம் மாறினால் இரண்டு பேரும் போச்சு! கிருஷானுவின் இடது காலைப் பார்த்து 'இந்திய மரடோனா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவரைக் கையெழுத்து ஆகும்வரை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்களும் தப்பவில்லை. 1980ல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்த மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸ்ஸிரி இருவரும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஈரானியர்கள். பிறகு இருவருமே முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார்கள். நைஜீரியாவிலிருந்து இந்தியாவுக்குப் படிக்க வந்த சீமா ஒகோரி முகமதன், ஈஸ்ட் பெங்கால் என்று ஆடிவிட்டு, 1991ல் மோகன் பகானுக்கு வந்தார். வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்ற அந்தக் கிளப்பின் வழக்கமே அவரால் உடைந்தது.

இதையெல்லாம் கிளப் நிர்வாகிகளின் சாமர்த்தியமாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. ஒளிந்திருந்தவர் பக்கம் நின்று பார்த்தால் கதை அவ்வளவு குஷியாக இல்லை. இருபது இருபத்தியிரண்டு வயது. பேசிய பணம் முழுதாக வருமா என்று தெரியாது. ஒத்துக்கொண்ட செய்தி வெளியே போனால் பழைய கிளப் கைவிட்டுவிடும். அதன் பிறகு புதுக் கிளப் வேறு ஒருவரைப் பிடித்துவிட்டால்? ஒரு சீசன் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். அடுத்த சீசனில் காயம் பட்டால் அதுவும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் தலையாட்டியவர்கள் உண்டு. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வாய்ப்பேச்சை மீறினால் நஷ்டஈடு கேட்க வழியே இல்லாத இடத்தில், இன்னொரு கதவைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர அந்தப் பையன்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்?

வேடிக்கை என்னவென்றால், பூமியின் அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம்) பள்ளி மாணவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கிறது. அவர்களும் ரொம்ப காலம் அமெச்சூர்கள்தான். ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987 சீசனையே ரத்து செய்தார்கள். அங்கே மாணவன் 'இந்தக் கல்லூரிக்கு வருகிறேன்' என்று வாயால் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. 1964 முதல் 2024 வரை இருந்த ஒரு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. அந்த நாள் பிப்ரவரியில் வரும், 2017லிருந்து டிசம்பரிலும் ஒன்று. இடைப்பட்ட மாதங்களில் பலர் பயிற்சியாளர் காதில் மட்டும் சம்மதம் சொல்லிவிட்டு வெளியே மூச்சு விடுவதில்லை. அதற்குப் பெயரே 'மௌன சம்மதம்'. ஒரு அணிக்கு 85 உதவித்தொகைதான் என்ற வரம்பு பல ஆண்டுகள் இருந்தது. அதே இடத்துக்கு இன்னும் நல்ல பையன் கிடைத்தால் கல்லூரி கையை விரித்துவிடலாம். முன்பே ஊரறியச் சொல்லிவிட்டால் மற்ற கல்லூரிகள் தேடி வருவதை நிறுத்திவிடும், பையன் நடுத்தெருவில். கடைசியில் டி.வி. கேமரா முன்னால் மேஜையில் நாலைந்து தொப்பிகளை வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டுவதோடு ரகசியம் உடையும்.

ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கப் பையன் தானே ரகசியத்தை வைத்திருந்தான், வேண்டும்போது உடைத்தான். கல்கத்தா பையனையோ அந்த ரகசியத்தோடு சேர்த்து ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

1996ல் தேசிய கால்பந்து லீக் வந்தது. மெல்ல மெல்ல எழுத்தில் ஒப்பந்தம், வெளிப்படையாகச் சம்பளம், கணினியில் பதிவு எல்லாம் வந்தன. டோக்கன் போனது, ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையும் போனது. சண்டை போகவில்லை. அறையிலிருந்து சங்க அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடம் மாறியது. டெல்லி எஃப்.சி.யிலிருந்து கடனாக மோகன் பகானுக்கு வந்திருந்த அன்வர் அலி, 2024ல் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். செப்டம்பரில் அகில இந்திய கால்பந்து சங்கத்தின் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்து, அவரும் டெல்லி, ஈஸ்ட் பெங்கால் இரண்டு கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போனதும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார்கள். அந்த சீசனில் அன்வர் ஈஸ்ட் பெங்கால் சட்டையில்தான் ஆடினார். 12.9 கோடி என்ற தொகை அடுத்த நாளே எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது.