மேடைத் தமிழ் பிறந்த வரலாறு

தமிழர் பண்டுதொட்டே மேடையேறிப் பேசி வந்தனர் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை எனத் திருக்குறளில் மூன்று அதிகாரங்கள் இருப்பதைச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. ஆனால் அம்மூன்றும் அமைச்சியலில் அமைந்தவை. அங்கே அவை என்பது பெரும்பாலும் கற்றறிந்தார் கூட்டத்தையே குறிக்கும். எழுத்தறியாத மக்களும் திரளாகக் கூடியிருக்க, ஒருவர் உரைநடையில் நெடுநேரம் பேசும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டிலேதான். அவ்வரலாற்றை அறிந்தால், நல்ல பேச்சு எவ்வாறு உருவாகிறது என்பதும் விளங்கும்.

முன்னாளில் கோயில்களில் புராண படனம் நடைபெற்றது. ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பொருள் கூறுவார். செய்யுள் சென்ற வழியே பேச்சும் சென்றது. கிறிஸ்தவப் பாதிரிமாரோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பகுத்து விளக்கி, கேட்போரை நோக்கி நேரே பேசினர். இம்முறையை அருகிருந்து கண்டவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர். வெஸ்லியன் சங்கத்தார் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான அவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது துணை நின்றார்.

1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. கொல்லாமை, கள்ளுண்ணாமை போன்ற பொருள்களை எடுத்து உரைநடையில் விளக்கினார். மாற்றாரின் முறையைக் கற்று, அதனைக் கொண்டே தம் சமயத்தைக் காக்க முனைந்தார். அவருடைய நாவன்மையைப் பாராட்டித் திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியது.

அரசியல் மேடையில் தமிழ் ஓங்கி ஒலிக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1885-இல் தோன்றிய காங்கிரசில் தலைவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினர். சுதேசி இயக்கம் இந்நிலையை மாற்றியது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினர். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். சில நாட்களில் இருவரும் சிறைப்பட்டனர். மேடைப் பேச்சே இராஜத்துரோக வழக்காயிற்று. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் 10 ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. மக்களுக்கு விளங்கும் மொழியின் ஆற்றலை ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேச, அது தமிழாக்கப்பட்டே தொழிலாளரை எட்டியது. உடன் உழைத்த திரு. வி. கலியாணசுந்தரனாரோ, பள்ளியில் தமிழ் கற்பித்த புலமையை ஆலைத் தொழிலாளருக்கு ஏற்ற இனிய தமிழாக்கி நேரே வழங்கினார். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி இன்னும் ஒருபடி இறங்கி, வீட்டிலும் வீதியிலும் வழங்கும் பேச்சுத் தமிழிலேயே தம் கருத்துகளை எடுத்துரைத்தார்.

இவர்களுடைய நடை வெவ்வேறு; கொள்கையும் வெவ்வேறு. எனினும் ஒன்றில் ஒத்திருந்தனர். தம் எதிரே இருப்பவர் யார், அவருக்கு எது விளங்கும் என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்பத் தம் பேச்சைத் திருத்திக்கொண்டனர். பழைய வழக்கம் போதாதபோது புதுமுறையைக் கற்க அவர்கள் நாணவில்லை.

இன்று பேச்சுப் போட்டிகளுக்குச் செல்லும் நம் மாணவர் பலர், பிறர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, அடுக்குமொழியை உரத்து ஒப்புவிக்கின்றனர். கைதட்டல் கிடைக்கலாம், கேட்டவர் நெஞ்சில் எதுவும் தங்குவதில்லை. குரலும் கையசைவும் பழக்கத்தால் வரும். சொல்ல ஒரு பொருளும், கேட்போர்பால் மதிப்பும் முதலில் வேண்டும். அவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமானால், வண்ணார்பண்ணையில் தொடங்கிய மேடைத் தமிழ் இந்நாட்டிலும் தழைத்து வாழும்.